மொழிக் கல்வி: பயனும் கடனும்

நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் தமிழ் வகுப்பு ஒன்று நடைபெறுகின்றது. பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் வருவார்கள். அவர்களுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்பிக்கும் பணியில் அடியேனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. சென்ற ஆண்டில் ஒருநாள், இளைஞர் ஒருவர் தம் மகனைக் கையில் பிடித்தவாறு வகுப்பின் வாயிலில் தயங்கி நின்றார். உள்ளே வருமாறு அழைத்தேன். அவர் பணிவோடு ஒரு வினாவை எழுப்பினார்.

"ஐயா, தவறாக எண்ணக்கூடாது. பள்ளியில் இவனுக்கு ஏற்கெனவே மூன்று மொழிகள் இருக்கின்றன. தமிழை வீட்டில் பேசுகிறான். எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்வதால் இவனுக்கு என்ன பயன்?"

அவர் தமிழை இகழ்ந்து இவ்வாறு கேட்கவில்லை. தம் மகனுடைய நேரத்தையும் உழைப்பையும் எண்ணிக் கேட்டார். பொறுப்புள்ள தந்தை கேட்க வேண்டிய வினாவே அது. எனினும் என்னால் உடனே விடை கூற இயலவில்லை. அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குக் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கும் முன்னர் இதே வினாவை நானும் கேட்டவன். என் மகன் பள்ளியில் ஒரு மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய வேளை வந்தது. தமிழும் இருந்தது, எளிதில் மதிப்பெண் தரும் வேறொரு மொழியும் இருந்தது. அவனைக் கேளாமலே நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். எதிர்பார்த்த மதிப்பெண்களை அவன் பெற்றான். அதன் மற்றொரு விளைவைப் பின்னர்க் கூறுவேன்.

ஒரு மொழியைப் பயன் கருதிக் கற்பது இழிவா? பயன் இல்லாதபோது அம்மொழி நம்மிடம் உரிமையோடு எதையேனும் கேட்க முடியுமா? இவ்விரு வினாக்களையும் உணர்ச்சிக்கு இடம் கொடாமல் ஆராய்ந்து பார்க்க விழைகின்றேன். ஆராய்ச்சிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டை எடுத்துக்கொள்வது பொருந்தும். திண்ணைகளிலும் மடங்களிலும் வளர்ந்த மொழிக் கல்வி, கல்லூரி என்னும் கட்டடத்துக்குள் புகுந்த காலம் அது. பயன் என்னும் அளவுகோலை மறைக்காமல் வெளிப்படையாகப் பயன்படுத்திய காலமும் அதுவே.

ஆள்வதற்காகக் கற்ற தமிழ்

1800ஆம் ஆண்டில் வெல்லெஸ்லி பிரபு கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை நிறுவினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1812இல், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த இளம் அதிகாரிகளுக்கு இந்நாட்டு மொழிகளைப் பயிற்றுவதே இவற்றின் முதற்பணி. வரி தண்ட வேண்டும். வழக்குகளைக் கேட்டுத் தீர்க்க வேண்டும். குடிகளின் விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். மொழி அறியாத அதிகாரி துபாஷியின் வாயையே நம்பி வாழ வேண்டியவர் ஆவார். ஆதலால் தேர்வுகள் வைத்தனர். தேர்ச்சிக்கு ஏற்பப் படித்தொகை உயர்ந்தது. தமிழைக் கற்றவர் தமிழுக்காகக் கற்கவில்லை. ஆட்சிக்காகவும் ஊதியத்துக்காகவும் கற்றனர். பயன் கருதிய கல்விக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அங்கே பயின்ற இளைஞருட் பலர் தேர்வு முடிந்ததும் அலுவலுக்கு வேண்டிய அளவோடு நின்றிருப்பர். அதில் வியப்பில்லை. ஆனால் அக்கல்லூரி தோன்றக் காரணமாக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பார் அந்த எல்லையில் நிற்கவில்லை. அவர் சென்னையின் கலெக்டர். தம்மை எல்லீசன் என்று தமிழ்ப்படுத்திக்கொண்டவர். திருக்குறளில் ஆழ்ந்து, அதன் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து விளக்கம் எழுதியவர். சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது கிணறுகள் வெட்டுவித்தார். அவற்றுள் இராயப்பேட்டைக் கிணற்றுக்காக 1818இல் பொறிக்கப்பட்ட கல்வெட்டில் ஒரு குறளும் இடம்பெற்றது. அலுவலுக்காகக் கற்ற நூல் அவருடைய அறத்தில் கலந்துவிட்டது என்பதற்கு அக்கல்லே சான்று.

எல்லிஸ் செய்த பெரும்பணி மற்றொன்று. காம்பெல் என்பார் எழுதிய தெலுங்கு இலக்கண நூல் 1816இல் வெளிவந்தது. அதற்கு எல்லிஸ் எழுதிய முன்னுரைப் பகுதியில், தெலுங்கு, தமிழ், கன்னடம் முதலியன வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்றும், அவை தமக்குள் உறவுடைய தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும் வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி நிறுவினார். கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கருத்து அச்சேறிவிட்டது. எல்லிஸ் தனியே அமர்ந்து இதனைக் கண்டுவிடவில்லை. ஒரே கூரையின் கீழ்த் தெலுங்குப் புலவரும் தமிழ்ப் புலவரும் வடமொழிப் புலவரும் இருந்தனர். பட்டாபிராம சாஸ்திரியாரைப் போன்றோர் அங்குப் பணியாற்றினர். பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையில் தந்த தாண்டவராய முதலியாரும் அக்கல்லூரியின் தமிழாசிரியரே. அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் மொழிகளின் முகச்சாயல் புலப்பட்டது.

ஆக்ஸ்போர்டு நகரிலும் ஏறத்தாழ இதே நிலையைக் காண்கின்றோம். அங்கு 1832இல் ஏற்பட்ட வடமொழிப் பேராசிரியர் பதவி, போடன் என்னும் படைத்தலைவர் விட்டுச்சென்ற பொருளால் அமைந்தது. இந்நாட்டாரைக் கிறித்தவ சமயத்துக்கு மாற்றத் துணைசெய்வதே அவர் கருதிய நோக்கம். அப்பதவிக்கு 1860இல் வந்த மோனியர் வில்லியம்ஸ் தொகுத்த வடமொழி அகராதியை இன்று எல்லாச் சமயத்தாரும் கையாள்கின்றனர். ஜி. யு. போப் அவர்கள் 1884 முதல் ஆக்ஸ்போர்டில் தமிழ் பயிற்றினார். இந்தியாவுக்கு அலுவலராக வரவிருந்த இளைஞரே அவருடைய மாணவர். ஆயினும் வேலைக்கு வேண்டிய தமிழோடு அவர் அமையவில்லை. எண்பது வயது நிறைந்த 1900ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

இவற்றால் விளங்குவது யாது? பயன் ஒரு வாயில். அதன் வழியாக நுழைவதில் இழிவு ஒன்றும் இல்லை. நுழைந்தவர் வாயிற்படியிலேயே நின்றுவிடுகிறாரா, உள்ளே செல்கிறாரா என்பதே வேறுபாடு. ஆதலால், பயன் கருதி மொழி கற்போரை இகழும் உரிமை நமக்கு இல்லை.

பிழைப்பதற்காகக் கற்ற ஆங்கிலம்

புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1854இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் உட் என்பாரின் கல்வி அறிக்கை இலண்டனிலிருந்து வந்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. காட்சி தலைகீழாக மாறியது. முன்னர் ஆங்கிலேயர் பயன் கருதித் தமிழைக் கற்றனர். இப்போது தமிழர் பயன் கருதி ஆங்கிலத்தைக் கற்றனர். பட்டம் பெற்றவர்க்குக் கச்சேரியில் வேலை, நீதிமன்றத்தில் மதிப்பு. தமிழ் அங்கே இரண்டாம் மொழி என்னும் இடத்தைப் பெற்றது.

வியப்பான செய்தி ஒன்றை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்துக்கென்று தனித் தேர்வுத்துறை ஏற்பட்டது 1894இல்தான். அதுவரை அங்குக் கல்வி என்றால் முதன்மையாகக் கிரேக்கமும் இலத்தீனுமே. தம் சொந்த இலக்கியத்தை வீட்டில் படித்துக்கொள்ளலாம். அதற்குக் கல்லூரி எதற்கு என்று அவர்களும் எண்ணியிருந்தனர். அந்நாளில் காவிரிக்கரை மாணவன் ஷேக்ஸ்பியருக்கும் மில்டனுக்கும் உரை எழுதித் தேர்வில் தேறிக்கொண்டிருந்தான். ஒரு மொழி கல்லூரியில் எந்த இடத்தைப் பெறுகின்றது என்பது அதன் தகுதியை மட்டும் பொறுத்ததன்று. அதிகாரத்தையும் பழக்கத்தையும் பொறுத்தது என்பதற்கு இதுவே போதும்.

இம்மாற்றத்துக்கு அடிகோலிய மெக்காலே பிரபுவின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பு யாவரும் அறிந்தது. தமக்கு வடமொழியும் தெரியாது, அரபு மொழியும் தெரியாது என்று அதில் அவரே ஒப்புக்கொள்கின்றார். ஒப்புக்கொண்ட பின்னரும், கீழ்நாட்டு இலக்கியம் முழுவதையும் மேல்நாட்டு நூலகத்தின் ஓர் அலமாரித் தட்டுக்குக் கீழாக மதிப்பிடுகின்றார். படிக்கவில்லை என்பது ஒரு குற்றமன்று. படிக்காமலே தீர்ப்பு வழங்கியது குற்றம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்; சற்றுப் பின்னர் இதற்கு நேர்மாறான ஒருவரைக் காணப்போகின்றோம்.

ஆங்கிலக் கல்வி தமிழுக்குத் தீங்கே செய்தது என்று கூறிவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக 1858இல் தேறியவர் இருவர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். ஒருவர் கரோல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர். அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய வட்டுக்கோட்டைக் குருமடத்தில் கற்றவர். ஆங்கிலப் பட்டம் அவருக்கு உத்தியோகமும் வருவாயும் தந்தது. பிற்காலத்தில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார். அந்த வருவாயை அவர் என்ன செய்தார்? ஊர் ஊராகத் தேடிப் பழைய ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்தார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என்று ஒவ்வொன்றாக அச்சேற்றினார். தொட்டால் நொறுங்கும் நிலையில் ஏடுகள் இருந்ததைத் தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதினார்.

நாமும் அவரைப் போலப் பிறந்த ஊரைவிட்டு வெளியே வந்து, வேற்று மொழியால் பிழைத்தவர்களே. ஒரு மொழியால் பிழைத்து, மற்றொரு மொழிக்கு உழைக்கலாம் என்பதை நம் போன்றோர்க்கு அவர் வாழ்ந்து காட்டினார். பிழைப்பு மொழியும் பிறப்பு மொழியும் பகை மொழிகள் ஆகவேண்டுவதில்லை.

கும்பகோணத்தில் ஒரு வினா

இனி நம் இளைஞர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். என்ன பயன் என்ற அதே வினா, 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கும்பகோணத்தில் ஒரு தமிழாசிரியரை நோக்கி எழுந்தது. அவ்வாசிரியர் உ. வே. சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. 1871 முதல், ஆசிரியர் மறைந்த 1876 வரை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். தியாகராச செட்டியாரின் பரிந்துரையால் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் ஐம்பது ரூபாய் மாத ஊதியத்தில் தமிழாசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்தவர் சேலம் இராமசாமி முதலியார். ஆங்கிலக் கல்வி பெற்றவர். ஐயர் அவரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் படித்திருக்கின்றீர் என்று முதலியார் கேட்டார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். அவற்றைக் கேட்டு முதலியார் வியக்கவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்னும் பொருள்படக் கேட்டார். பின்னர், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று வினவினார். தமிழையே வாழ்வாகக் கொண்டு, அக்காலத்துப் பேராசிரியரிடம் பயின்ற அந்த ஆசிரியர் இந்நூல்களைக் கண்ணாலும் கண்டதில்லை.

அன்பர்களே, அந்த நிலையில் நாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்? நாம் படிக்காதவை சிறந்தனவாக இரா என்று சொல்லியிருக்கலாம். நம் பட்டியலின் நீளத்தைக் காட்டி மழுப்பியிருக்கலாம். வந்தவரோ அதிகாரி, தமிழ்ப் புலவர் அல்லர், அவருக்கென்ன தெரியும் என்று வீட்டுக்கு வந்து பேசியிருக்கலாம். ஐயர் படித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். ஏடு கிடைத்தால் படிப்பேன் என்றார். மெக்காலேயும் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவரே. ஒருவர் அவ்வாறு ஒப்புக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். மற்றவர் அவ்வாறு ஒப்புக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

முதலியார் சிந்தாமணிப் பிரதியை அளித்தார். படிக்கத் தொடங்கியதும் ஐயருக்கு இடர்ப்பாடு மிகுந்தது. அது சமண நூல். அதன் கொள்கைகளும் சொல்லாட்சிகளும் சைவ மடத்துச் சூழலில் பயின்றவருக்குப் புதியவை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணரைத் தேடிச் சென்றார். அவர்கள் வீட்டில் அந்நூல் பக்தியோடு ஓதப்பட்டு வருவதைக் கண்டார். அவர்களிடம் மாணவரைப் போல ஐயம் கேட்டுத் தெளிந்தார். அந்நூல் உலகைவிட்டு மறைந்திருக்கவில்லை. ஐயரின் தெருவைவிட்டு மட்டுமே மறைந்திருந்தது. தம் சமயம், தம் மரபு என்னும் எல்லையைக் கடந்து பிறர் வாயிலில் சென்று நின்றதனால் அது கிடைத்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பின்னர்ப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. கல்லூரியில் பாடம் சொன்ன நேரம் போக எஞ்சிய நேரத்தில் அவர் செய்த பணி இது.

என்ன பயன் என்னும் வினா தீயது என்று எண்ணியிருந்தேன். அது தீயதன்று. அவ்வினாவை எழுப்பி முகத்தைத் திருப்பிக்கொள்வாரும் உண்டு. இராமசாமி முதலியாரைப் போல, எழுப்பிவிட்டுப் பெட்டியிலிருந்து ஏட்டை எடுத்துக் கொடுப்பாரும் உண்டு. முன்னவரிடம் அது கல்விக்கு முற்றுப்புள்ளி. பின்னவரிடம் அது கல்விக்குத் தொடக்கம்.

விலை, பயன், கடன்

இங்கு ஒரு தடை எழும். "ஐயரும் தாமோதரம் பிள்ளையும் பேரறிஞர்கள். எங்கள் பிள்ளைகள் பொறியாளராகவும் கணக்கராகவும் ஆகப் போகின்றவர்கள். அவர்களுக்கும் இவ்வழக்குப் பொருந்துமா?" நியாயமான தடையே. எல்லோரும் சுவடி தேடிச் செல்ல வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் வேறு துறையில் உயரத்தக்க தத்துவப் புலமை பெற்றிருந்தும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் பணியையே விரும்பி ஏற்றார். பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரையும் தமிழாக்கிக்கொண்டார். தமிழைச் செம்மொழியாக மதிக்கவேண்டும் என்று வாதாடிய அவர் 1903இல் 33 வயதில் மறைந்தார். மைய அரசு அதனைச் செம்மொழி என அறிவித்தது 2004இல். அத்தகைய ஈகத்தை எல்லோரிடமும் கேட்பது அறமாகாது.

ஆயினும் எல்லோரிடமும் கேட்கத்தக்க ஒன்று உண்டு. அதனை விளக்க விலை, பயன், கடன் என்னும் மூன்றையும் பிரித்துக் காண்போம். ஒரு மொழியைக் கற்றால் கிடைக்கும் ஊதியமும் மதிப்பெண்ணும் அதன் விலை. அது சந்தையைப் பொறுத்து ஏறும், இறங்கும். அதனால் விரியும் அறிவும் கிட்டும் இன்பமும் அதன் பயன். அது கற்பவரைப் பொறுத்து மிகும், குறையும். இவ்விரண்டும் ஒருவருடைய வாழ்நாளுக்குள் கணக்குத் தீர்ந்துவிடுகின்றன. கடன் என்பதோ மூன்று தலைமுறைக் கணக்கு.

கடன் என்றால், நாம் வாங்காத கடனை நாம் ஏன் திருப்பவேண்டும் என்று மெய்ப்பொருள் ஆராய்வார் கேட்பர். மொழி நாம் கேட்டுப் பெற்றதன்று. தொட்டிலில் கிடந்தபோது பிறர் நம் காதில் இட்டது. கேளாமல் கொடுத்தது கொடையாகுமே அல்லாமல் கடன் ஆகுமா? உண்மைதான். நமக்குக் கொடுத்தவர்க்கு நாம் எதனையும் திருப்ப இயலாது, அவர்கள் மறைந்துவிட்டனர். தம் பாட்டனார் வைத்த மாமரத்தின் கனியை உண்டவர், பாட்டனாருக்குக் கனி கொடுக்க முடியாது. பேரனுக்கு மரத்தை விட்டுச் செல்ல முடியும். வெட்டிவிடவும் முடியும். மரம் அவர் கையில் இருக்கும் காலத்தில் அவர் உரிமையாளராகத் தோன்றுகின்றார். உண்மையில் இடையில் நிற்கும் ஒருவரே.

மாமரத்துக்கும் மொழிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நிலமும் வீடும் உயில் எழுதினால் மகனைச் சேரும். மொழியை அவ்வாறு எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் உழைத்தே அதனைப் பெறவேண்டும். உழைத்தே கொடுக்கவும் வேண்டும். இடையில் ஒருவர் கைவிட்டால், அவரோடு மட்டும் அது நிற்பதில்லை. அவருக்குப் பின்னால் வரும் அனைவருக்கும் அவ்வழி அடைபடுகின்றது.

என் பிழை எங்கே நேர்ந்தது என்பது இப்போது எனக்கு விளங்குகின்றது. மதிப்பெண் கருதியது என் பிழையன்று. எழுத்தறியும் பருவத்தில் என் மகனுக்கு அதனைக் கொடாமல் விட்டதே பிழை. தமிழ் படிக்கக் கற்ற ஒருவன் பின்னாளில் எனக்கு இது வேண்டா என்று விலகினால், அது அவனுடைய தேர்வு. அவ்வுரிமை அவனுக்கு உண்டு. கற்பிக்கப்படாதவனுக்கோ விலகும் உரிமையும் இல்லை, நெருங்கும் உரிமையும் இல்லை. அவன் தேர்வை அவனுடைய தந்தையே செய்து முடித்துவிடுகின்றார். பிறர் வாழ்வின் தேர்வை அவரைக் கேளாமல் செய்து முடிப்பதற்குப் பெற்றோருக்கும் ஓர் எல்லை இருத்தல் வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். இக்கடனை எண்ணுவோர் சிலர், நாம் வாழும் இந்நிலத்தின் மொழியைப் புறக்கணிப்பதே தமிழ்ப்பற்று என்று கருதிவிடுகின்றனர். எல்லிஸின் கதை அதனை மறுக்கின்றது. தமிழைத் தெலுங்கோடும் கன்னடத்தோடும் ஒருங்கே வைத்து நோக்கியதனால் அன்றோ தமிழின் தனித்தன்மை அவருக்குப் புலப்பட்டது? மராத்தியோ வங்காளியோ இந்தியோ தெருவில் பேசி, தமிழை வீட்டில் பேசும் நம் குழந்தைக்கு எல்லிஸின் அந்த வாய்ப்பு இயல்பாகவே கிடைத்திருக்கின்றது. ஒரு சொல் இங்கே எவ்வாறு ஒலிக்கிறது, அங்கே எவ்வாறு ஒலிக்கிறது என்று அது தானே கேட்கும். நம் குழந்தைக்கு மொழிகள் பலவாக இருப்பது சுமை என்று அஞ்சவேண்டா. அவற்றுள் தமிழ் மட்டும் எழுத்தின்றி இருப்பதே குறை.

பெட்டியில் இருந்த கடிதங்கள்

முன்னர்க் கூறாது விட்டதை இப்போது கூறுகின்றேன். என் தந்தையார் ஊரில் இருந்தவரை மாதம் ஒரு கடிதம் எழுதுவார். நீல நிற உள்நாட்டு அஞ்சல் தாளில், ஓரம் முழுவதும் நெருக்கி எழுதுவார். அவற்றையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கின்றேன். ஈராண்டுகளுக்கு முன்னர்ப் பொங்கலுக்கு என் மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பெட்டியைத் திறந்து கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்பா, இதில் எங்கேயாவது என் பெயர் இருக்கிறதா?"

ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் அவன் பெயர் இருந்தது. அவன் நடக்கத் தொடங்கினானா, காய்ச்சல் தணிந்ததா, பள்ளிக்கு அழாமல் போகிறானா என்று தாத்தா கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பதைக் கடந்த என் மகனுக்குத் தன் பெயரின் எழுத்துகள் அந்தத் தாளில் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. நான் படித்துக் காட்டினேன். அவன் என்னைக் குறை கூறவில்லை. பொறியாளனாக நல்ல நிலையில் இருக்கின்றான். நான் தேர்ந்த வழியில் அவன் இழந்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள். எனக்குப் பின்னர் அக்கடிதங்களை யார் படிப்பார் என்று மட்டும் நான் அன்றிரவு எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாயிலில் நின்ற இளைஞருக்கு மறுவாரம் நான் சொன்ன விடை இதுவே. தமிழின் தொன்மையைப் பற்றியோ பெருமையைப் பற்றியோ அவரிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. எல்லிஸையும் ஐயரையும் பற்றிக்கூடப் பேசவில்லை. இக்கடிதங்களைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் நின்றார். பிறகு மகனின் செருப்பைக் கழற்றி வைத்து உள்ளே அனுப்பினார். அச்சிறுவன் இப்போது தவறாமல் வருகின்றான். றகரமும் ரகரமும் இன்னும் அவனுக்குத் தகராறு செய்கின்றன.

அன்பர்களே, வேண்டுவது பெரிதன்று. வாரத்தில் ஒரு மணி நேரம், ஓர் அரிச்சுவடி, அருகில் அமர்ந்து கேட்கப் பெரியவர் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கல்லூரிகள் பயன் கருதித் திறந்த வாயில்கள் வழியாகவே அத்துணைச் செல்வமும் நமக்கு வந்து சேர்ந்தது. நம் வீட்டு வாயிலை நாம் அடைத்துவிடாமல் இருந்தால் போதும். அதற்கு அப்பால் செல்வதும் செல்லாததும் பிள்ளைகளின் உரிமை.

என் மகன் பெட்டியிலிருந்து பத்துக் கடிதங்களைத் தன்னோடு எடுத்துச் சென்றான். வாரம் இருமுறை தொலைபேசியில் என்னிடம் எழுத்துக் கேட்கின்றான். சென்ற மாதம் ஒரு கடிதத்தைத் தானே படித்து முடித்ததாகச் சொன்னான். ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்றாம்.